எட்டு வேற்றுமையில் யார்க் நகரம்

இங்கிலாந்து நகரங்களைப் பற்றிப் பயண நூல்கள் ஏராளம். இலக்கண நூல் ஒன்றும் இல்லை. இந்தக் குறையைப் போக்க வேண்டி, வட இங்கிலாந்தின் யார்க் நகரத்தைப் பெயர்ச்சொல்லாகக் கொண்டு, எட்டு வேற்றுமையும் ஏற்றிக் காட்ட இச்சிறுநூல் முற்படுகிறது. லண்டனை ஏன் எடுக்கவில்லை என்று மாணாக்கர் கேட்பர். லண்டன் ஒரு சொல் அன்று. பல சொற்கள் முட்டிமோதி நிற்கும் தொடர்மொழி. யார்க் தனிமொழி. கி.பி. 71-இல் ரோமானியர் கோட்டை கட்டித் தொடங்கிய ஊர். 866-இல் வைக்கிங்குகள் பிடித்த ஊர். பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை இன்றும் மதிலுக்குள்ளேயே இருக்கின்றன. கால்நடையாகவே எல்லாம் முடிந்துவிடும்.

பாயிரத்திலேயே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். பெயர்ச்சொல் காலம் காட்டாது என்பது நம் இலக்கணம். யார்க் காட்டும். ஒரே தெரு காலை எட்டு மணிக்கு ஒரு பொருள் தரும், பதினொன்றரைக்கு வேறு பொருள் தரும். ஒரே ரயிலின் ஒரே இருக்கைக்கு முன்பே வாங்கினால் ஒரு விலை, அன்றைக்கு வாங்கினால் வேறு விலை. பர்ஸைப் பார்த்துத் திட்டமிடுபவரைவிடக் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டமிடுபவர் இவ்வூரில் அதிகம் காண்பார். கீழ்வரும் விதிகள் எல்லாவற்றுக்கும் இதுவே தலைமை விதி.

முதல் வேற்றுமை எழுவாய், அதாவது பயணி. இதன் வகைகள் பல என்றாலும் மூன்றை மட்டும் அறிந்தால் போதும். செல்பேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நடுத்தெருவில் அப்படியே நிற்பவர் பயனிலை கொள்ளாத எழுவாய். குடும்பத்தில் எல்லாப் படங்களையும் எடுத்துவிட்டு எந்தப் படத்திலும் இல்லாதவர் தோன்றா எழுவாய். மூன்றாமவர் எழுவாயே அல்லர், தொகை. லண்டனில் பேருந்தில் ஏற்றப்பட்டு, கேம்பிரிட்ஜில் ஒரு மணி, யார்க்கில் இரண்டு மணி என்று இறக்கி ஏற்றி எடின்பரோவில் ஒப்படைக்கப்படும் பேக்கேஜ் பயணி. இவரிடம் உருபும் பயனும் உடன்தொக்கு மறைந்துவிட்டன. இவருக்கு இந்நூல் உதவாது.

முறைப்படி அடுத்தது இரண்டாவது. ஆனால் ரயில் ஏறாமல் ஊர் வராது; ஆகவே மூன்றாவது முந்துகிறது. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களில் கருவி ஒன்று, உடனிகழ்ச்சி மற்றொன்று. கருவி ரயில். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து யார்க் சுமார் 300 கிலோமீட்டர். விரைவு வண்டி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கொண்டுசேர்த்துவிடும். டிக்கெட் மூவகைப்படும். ‘எனிடைம்’ எந்த வண்டிக்கும் செல்லும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். ‘ஆஃப்-பீக்’ கூட்ட நேரம் தவிர்த்த வண்டிகளுக்கு. ‘அட்வான்ஸ்’ குறிப்பிட்ட ஒரே வண்டிக்கு மட்டும். அந்த வண்டியைத் தவறவிட்டால் அது வெறும் காகிதம். பயண நாளை முன்கூட்டியே முடிவு செய்யக்கூடியவர் மூன்றாவதையே வாங்க வேண்டும். நடைமேடை எண்ணை வண்டி கிளம்பச் சில நிமிடங்கள் இருக்கும்போதுதான் பலகையில் காட்டுவார்கள். அதுவரை கிங்ஸ் கிராஸில் முந்நூறு பேர் அண்ணாந்து நிற்பார்கள். எண் விழுந்த மறுகணம் நடக்கும் பாய்ச்சலைப் பார்த்தவர் ஆங்கிலேயர் நிதானமானவர் என்று இனிமேல் எழுதமாட்டார்.

உடனிகழ்ச்சிக்கு ‘டூ டுகெதர்’ என்றொரு ரயில் அட்டை உண்டு. இருவர் பெயரில் வாங்கி, இருவரும் சேர்ந்தே பயணம் செய்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு முன் செல்லாது. அட்டையில் பெயருள்ள இருவரில் ஒருவர் விடுதியில் தூங்கிவிட்டால் மற்றவருக்கும் சலுகை இல்லை. இங்கே ஓர் இலக்கண நுட்பம் உண்டு. ஒடு உருபு இருவரில் உயர்ந்தவர் பெயரைத்தான் சேரும் என்பது தொல்காப்பியக் காலத்து விதி. ஆகவே ‘மனைவியோடு கணவன் யார்க் போனான்’ என்பதே பிழையற்ற வாக்கியம். மாற்றிச் சொல்பவர் இலக்கணத்தோடு வேறு பலவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

இனி இரண்டாவது. ஐ உருபு ஏற்பவை பார்க்கப்படும் பொருள்கள். ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை என்று இதற்கு ஆறு பொருள் சொல்வர். முதல் நான்குக்கும் யார்க் தக்க சான்று வைத்திருக்கிறது.

ஆக்கலுக்குச் சான்று யார்க் மின்ஸ்டர் என்னும் பெருந்தேவாலயம். இன்றுள்ள கட்டடத்தை 1220 வாக்கில் தொடங்கி 1472-இல் முடித்தார்கள். தொடங்கிவைத்தவரின் பேரனுக்குப் பேரனும் முடிந்ததைப் பார்த்திருக்க மாட்டான். இதற்கு நேரெதிர் அதன் கிழக்குப் பெருஞ்சாளரம். ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் 1405-இல் ஒப்பந்தம் செய்து 1408-இல் முடித்துக் கொடுத்தார். ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் அளவுள்ள வண்ணக் கண்ணாடிக்கு மொத்தக் கூலி 56 பவுண்டு. அதில் பத்துப் பவுண்டு, சொன்ன தேதிக்குள் முடித்ததற்காகத் தந்த கூடுதல் தொகை. கட்டட வேலை செய்வித்த அனுபவம் உள்ளவர்கள் இந்தச் செய்தியின் முன் சற்று நேரம் நின்று கும்பிடலாம். கிழக்கில் இருக்கும் சாளரம் காலையில்தான் ஒளிரும். பிற்பகலில் போனால் கண்ணாடி இருக்கும், நிறம் பாதி இருக்காது. சாளரத்தின் மேல்வரிசைப் படங்கள் வெறுங்கண்ணுக்கு எட்டா. சிறிய பைனாகுலர் ஒன்று கையில் இருந்தால், உலகம் படைக்கப்பட்டதும் அது முடியப்போவதும் தனித்தனிச் சட்டங்களாகப் பிரிந்து தெரியும்.

உள்ளே போகக் கட்டணம் உண்டு, அது குறைவும் அன்று. வழிபாட்டுக்குக் கட்டணம் இல்லை. ஈவன்சாங் என்னும் மாலை வழிபாட்டுக்கு வருகிறோம் என்று வாசலில் சொன்னால் உள்ளே விட்டு, பாடகர் குழுவுக்குப் பக்கத்திலேயே செதுக்கிய மரப் பலகையில் உட்காரவைப்பார்கள். சிறுவர் குரல்கள் அந்த உயரமான கூரையைத் தொட்டு இறங்கிவர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் காதால் அளக்கலாம். ஆகவே சாளரத்துக்குக் காலை, பாட்டுக்கு மாலை. இரண்டையும் நடுப்பகலில் அடக்கப் பார்ப்பவர்கள் காசும் கொடுத்துக் கூட்டத்தையும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இடைச்செருகலாக ஒன்று. கன்னிப் பிறப்பு போன்ற கோட்பாடுகளில் ஐயம் எழுப்பியவர் என்று பெயர்பெற்ற டேவிட் ஜென்கின்ஸ், டர்ஹம் ஆயராக இந்தக் கோயிலில்தான் 1984 ஜூலை 6 அன்று அருட்பொழிவு பெற்றார். மூன்றாம் நாள் இரவு தெற்குப் பகுதிக் கூரை எரிந்தது. மின்னல் தாக்கியிருக்க வேண்டும் என்றது விசாரணை. மின்னலை அனுப்பியவர் யார் என்று பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதங்கள் பறந்தன.

அடைதல் என்பது இதே கோயிலின் நடுக்கோபுரம். 275 படிகள், குறுகிய சுருள் படிக்கட்டு. பாதியில் மனம் மாறினாலும் திரும்ப வழி கிடையாது, பின்னால் ஆள் வந்துகொண்டிருப்பார். மூட்டுவலிக்காரர்கள் கீழே இருப்பதே தகுதி.

அழித்தல் என்பதற்குச் சான்று, அழியாமல் தப்பிய நகர மதில். இங்கிலாந்தில் இவ்வளவு நீளமாக இடைக்கால மதில் நிற்கும் ஊர் வேறில்லை, சுமார் 3.4 கிலோமீட்டர். 1800-இல் நகராட்சியே இதை இடித்துத் தள்ள நாடாளுமன்றத்தின் அனுமதி கேட்டது. குறுகலான வாயில்களால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்பது காரணம். ஓவியர் வில்லியம் எட்டி முதலானோர் எதிர்த்துக் கிளம்பியதால் பெரும்பகுதி தப்பியது; வாயில்களுக்கு முன்னிருந்த காவல் கட்டுமானங்கள் தப்பவில்லை, வாம்கேட் வாயிலில் மட்டும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. மிக்கிள்கேட் வாயிலின் மேல் 1460-இல் யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையைக் காகிதக் கிரீடம் சூட்டிச் செருகிவைத்தார்கள். இப்போது அதே வாயிலின் கீழ் மணமகள் தோழியர் கூட்டம் இளஞ்சிவப்புப் பட்டை அணிந்து செல்ஃபி எடுக்கிறது. மதிலை முழுதும் சுற்ற இரண்டு மணி நேரமாகும். நேரமில்லாதவர்கள் பூதம் வாயிலிலிருந்து மங்க் வாயில் வரையுள்ள துண்டை மட்டும் நடந்தால் போதும். மின்ஸ்டரின் பின்புறமும் அதன் தோட்டங்களும் அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். சில இடங்களில் உள்பக்கம் கைப்பிடிச் சுவர் கிடையாது. சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும். ஓரிடத்தில் மதில் சட்டென்று நின்றுபோகும். பழுதன்று. அங்கே ஒரு காலத்தில் சதுப்பு ஏரி இருந்தது. தண்ணீரே காவல் என்று விட்டுவிட்டார்கள்.

நீத்தல் என்பதன் சான்றை அவையடக்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 1972-இல் பேவ்மென்ட் என்ற தெருவில் வங்கி ஒன்றுக்கு அடித்தளம் தோண்டும்போது, ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் வைக்கிங் ஒருவர் நீத்த மலம் கல்லாகிக் கிடைத்தது. நீளம் 20 சென்டிமீட்டர். ஆராய்ந்தவர்கள் அவர் இறைச்சியும் ரொட்டியும் தின்றவர், காய்கறியில் நாட்டமில்லாதவர், குடற்புழுக்களால் அவதிப்பட்டவர் என்று கண்டுசொன்னார்கள். யார்விக் வைக்கிங் மையத்தில் அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 2003-இல் பார்வையாளர்களுக்குக் காட்டும்போது கைதவறி விழுந்து மூன்று துண்டானது, ஒட்டிவைத்திருக்கிறார்கள். மன்னர்கள் சிலைக்காகச் செலவழித்த பணத்தை நினைத்துப் பார்த்தால், பெயர் தெரியாத இந்த மனிதர் ஒரே காலைப்பொழுதில் அடைந்த நிலைபேறு சிந்திக்கத்தக்கது.

ஒத்தல், உடைமை இரண்டுக்கும் சான்று கிடைக்கவில்லை. தேடவும் இல்லை.

நான்காவது கு உருபு: யார்க்கு? சக்கர நாற்காலியிலும் குழந்தை வண்டியிலும் வருவோர்க்கு நகரின் நடுப்பகுதி நல்லது, பகலில் பெரும்பாலான தெருக்களில் கார் விடுவதில்லை. கருங்கல் பாவிய சந்துகள் மட்டும் எலும்பை எண்ணிப் பார்க்கும். கார் எடுத்து வருவோர்க்குப் பகை. ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேருந்தில் வருவதே வழி. சைவ உணவுக்காரர்க்கு ஓர் எச்சரிக்கை. யார்க்‌ஷயர் வட்டாரத்தில் மீனையும் உருளைக்கிழங்குச் சிப்ஸையும் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம். பல கடைகளில் இன்றும் உண்டு. பெயர்ப் பலகையில் இருக்காது. கேட்டால் பெருமையோடு சொல்வார்கள்.

“ஏங்க, என்ன எண்ணெயில பொரிக்கிறாங்கன்னு கேளுங்க” என்றார் என் மனைவி. கேட்டேன். கண்ணாடி அலமாரிக்குப் பின்னாலிருந்த அம்மாள் நிமிர்ந்து, “பீஃப் டிரிப்பிங், லவ். சுவைக்கு வேற எதுவும் ஈடாகாது” என்றார். மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. மனைவி அதற்குள் எதிர்ச்சாரியில் வேகவைத்த உருளைக்கிழங்கு விற்கும் கடையைக் கண்டுபிடித்திருந்தார். யார்க்‌ஷயர் புட்டிங் என்னும் பண்டத்துக்கும் இதே விதி. அதில் முட்டையும் உண்டு.

ஐந்தாவது, ஆறாவது இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். ஐந்தாவதன் பொருள் நீங்கலும் எல்லையும். நகர்விட்டு நீங்க விரும்பினால் ஹாரோகேட் ரயிலில் அரை மணி சொச்சம். எல்லைக்கு, ஊஸ் ஆற்றங்கரையில் ‘கிங்ஸ் ஆர்ம்ஸ்’ என்ற பப் இருக்கிறது. ஆறு கரைமீறும்போதெல்லாம் முதலில் மூழ்குவது அதுதான். எந்த ஆண்டு வெள்ளம் எதுவரை வந்தது என்று சுவரில் குறித்துவைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டுக் கோடு ஆளுயரத்துக்கு மேல் இருக்கிறது. ஆறாவது கிழமைப் பொருள். பிரிக்கக்கூடிய உடைமைகளில் மறக்கக் கூடாதது பிளக் மாற்றி. அங்கே மூன்று தட்டைக் கம்பிகள். நம் உருண்டைக் கம்பி நுழையாது. தண்ணீர்ப் பாட்டில் வாங்க வேண்டியதில்லை, குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். குடைக்குப் பதில் தலைமூடி வைத்த மழைக்கோட்டு. யார்க்கில் ஆண்டு முழுவதும் பெய்வதைச் சேர்த்தாலே 600 மில்லிமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். அதைத் தவணை முறையில், பக்கவாட்டுக் காற்றோடு கொடுப்பதால் குடையாளர்கள் தோற்கிறார்கள்.

ஏழாம் வேற்றுமை இடம். எந்த இடத்தில் என்பதைவிட எந்த இடத்தில் எப்போது என்பதே கேள்வி. ஷாம்பிள்ஸ் என்ற கசாப்புத் தெருவை எடுத்துக்கொள்வோம். இருபக்க மரவீடுகளும் மாடிக்கு மாடி முன்னே சாய்ந்து, மேலே ஒன்றையொன்று தொட்டுவிடும்போல நிற்கும். வெயில் படாமல் இறைச்சி கெடாதிருக்க இந்தச் சாய்வும் குறுகலும் உதவின. கடை முகப்புகளில் இறைச்சி தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகளையும், கீழே அகன்ற ஜன்னல் பலகைகளையும் இன்னும் பார்க்கலாம். காலை ஒன்பதுக்குமுன் இவையெல்லாம் கண்ணில் படும். பதினொன்றுக்குப் பின் முதுகுகள் மட்டும் தெரியும். மந்திரக்கோல் விற்கும் கடைகளின் வாசலில் ஹாரி பாட்டர் அடியார்கள் வரிசை கட்டி நிற்பார்கள். அந்தப் படங்களில் ஒரு காட்சிகூட இந்தத் தெருவில் எடுக்கப்படவில்லை. அடியார்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

பெட்டிஸ் தேநீரகம் வரிசைக்கென்றே படைக்கப்பட்ட இடம். ஃபிரெடரிக் பெல்மான்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் ‘குவீன் மேரி’ கப்பலின் அலங்காரத்தில் மயங்கி அதே பாணியில் 1937-இல் இங்கே கடை திறந்தார். பெட்டி என்பவர் யார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. வாசலில் நிற்கும் கூட்டம் மழையிலும் கலைவதில்லை. முன்னால் நிற்பவருக்கும் நமக்கும் இடையே ஒரு முழ இடைவெளி விட்டு, பேசாமல், நகராமல் நிற்பதே ஒழுக்கம். கிடைத்த இடைவெளியில் நுழைந்துவிடும் நம் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவர வேண்டும். யாரும் திட்டமாட்டார்கள்; இருமுவார்கள். அது மோசம். கடை திறந்தவுடன் போனால் வரிசை சிறிது. பொட்டலம் கட்டித் தரும் பகுதிக்குப் போனால் இன்னும் சிறிது. செர்ரி கண்ணும் பாதாம் பல்லும் வைத்த ‘ஃபேட் ராஸ்கல்’ ரொட்டி அங்கேயும் கிடைக்கும். ஆனால் உள்ளே உட்கார்ந்தவருக்கு ஒன்று கூடுதலாக வாய்க்கும். அடித்தளத்தில் ஒரு பழைய கண்ணாடி. இரண்டாம் உலகப் போரில் சுற்றுவட்டார விமானத் தளங்களில் இருந்த வீரர்கள் வைரமுனைப் பேனாவால் தங்கள் பெயர்களைக் கீறிய கண்ணாடி. சில எழுத்துகள் நேராக, பல கோணலாக இருக்கின்றன. கோணலானவை குடித்துவிட்டுக் கீறியவை போலும்.

மழை வலுத்தால் ரயில் நிலையத்தின் பின்பக்கம் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகம். நுழைவு இலவசம். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி, இன்றுவரை எந்த நீராவி எஞ்சினும் முறியடிக்காத சாதனை படைத்த ‘மல்லார்டு’ நீல நிறத்தில் அங்கே நிற்கிறது. ஜப்பான் கொடுத்த ஷின்கான்சென் புல்லட் ரயிலின் முகப்புப் பெட்டி 2001 முதல் இருக்கிறது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற மாமனாரோ சித்தப்பாவோ உடன் வந்திருந்தால் அன்றைய மற்ற திட்டங்களை ரத்து செய்துவிடவும். அவரைத் தேட வேண்டியதில்லை; அங்குள்ள முதிய தொண்டர் ஒருவரோடு ஏதோ ஓர் எஞ்சின் சக்கரத்தின் அருகே நின்றுகொண்டிருப்பார்.

மாலைக்கு விதி பருவத்தைப் பொறுத்தது. ஜூனில் ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், ஆனால் கடைகளில் பல ஐந்தரை ஆறுக்கே மூடிவிடும். வாங்க வேண்டியதை வாங்கிவிட்டு மிச்ச வெளிச்சத்தை நடைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும். ஞாயிறன்று பெரிய கடைகள் ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கலாம் என்பது சட்டம். இருட்டியபின் பேய்க் கதை நடை. குழுவாக அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கதை சொல்வார்கள். அவற்றில் ஒன்றே சிறந்தது: 1953-இல் ‘ட்ரஷரர்ஸ் ஹவுஸ்’ மாளிகையின் நிலவறையில் குழாய் வேலை பழகிக்கொண்டிருந்த இளைஞர், ரோமானியப் படைவீரர்கள் சுவரிலிருந்து வந்து நடந்து போனதைக் கண்டதாகச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே அவர்களுக்கு உருவமில்லை. அந்தத் தரைக்கு அடியில் பழைய ரோமானியச் சாலை இருந்தது. அவர்கள் தங்கள் சாலையில்தான் நடந்தார்கள். யார்க்கில் பேய்கூடத் தரைமட்டம் பார்த்துத்தான் நடக்கிறது.

எட்டாவது விளி. யார்க்‌ஷயரில் கடைக்காரர், ஓட்டுநர், சீட்டுக் கொடுப்பவர் எல்லோரும் வயது, பால் பாராமல் ‘லவ்’ என்று விளிப்பார்கள். முகம் சிவக்க வேண்டியதில்லை. நம் ஊரில் ‘சார்’ எவ்வளவோ அவ்வளவுதான். பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவது வழக்கம். சொல்லாதவர் வெளியூர்.

இனி வாசகரே, உங்களையே விளிக்கிறேன். ஆகஸ்ட் குதிரைப் பந்தய வாரத்தையும் டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தை வாரக்கடைசிகளையும் தவிருங்கள். அறையும் கிடைக்காது, தெருவும் கிடைக்காது. ரயில் சீட்டை இப்போதே எடுங்கள். நல்ல செருப்பைவிட நல்ல ஷூ முக்கியம். முதல் நாள் காலை வேறெங்கும் போகாமல் நேராகப் பூதம் வாயிலுக்குப் போங்கள். மதிலில் ஏறக் கட்டணம் இல்லை; எட்டு மணிக்குத் திறக்கிறார்கள்.